மாஸ்டர் சொன்ன முடிவு

கொலோனில் ஒரு செய்தி நிறுவனத்தில், தேர்தல் முடிவுகளைத் தொகுக்கும் மேசையில் கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்தேன். செய்தி எழுதியது வேறு ஆட்கள். எந்த நாட்டில் யாருக்கு எத்தனை வாக்கு, எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கேட்டு வாங்கி, சரிபார்த்து, வெளியே விடுவது என் பொறுப்பு. அந்த நீண்ட காலத்தில் ஒரேயொரு தொகுதியின் முடிவை நான் தலைகீழாக வெளியிட்டேன். அதனால் ஒரு மனிதர், தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஊரில், வீட்டு வாசற்படலையைத் தாண்ட முடியாதவராகப் போனார். அந்த ஊருக்கு அவர் காசுக்கு விலைபோன பொய்யன். பொய் சொன்ன நான் இங்கே ஓய்வூதியத்தில் சௌகரியமாக இருக்கிறேன்.

இதை எழுத வைத்தது துஷாவின் தொலைபேசி அழைப்பு. துஷா பீலெஃபெல்ட்டில் வளர்ந்த பிள்ளை. நான் ஓய்வுபெற்ற பிறகு என் மேசைக்கு வந்தவள். இந்த வருடம் ஒருநாள் உற்சாகமாக எடுத்தாள்.

"அங்கிள், எங்களுக்குப் புதுப் புரோகிராம் வந்திருக்கு. முடிவு வராத தொகுதிகளை அதுவே நிரப்புது. ஒரே நாளில ரெண்டு தேர்தலும் நடக்கிற நாடுகள் இருக்கெல்லோ, அங்க ஜனாதிபதிக்கு விழுந்த வாக்கைப் பாத்து பாராளுமன்ற ஆசனம் ஆருக்கெண்டு சொல்லும். எங்கட பொஸ் கேக்கிறார், முந்தி நீங்கள் இதை எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு. சந்திக்க ஒரு டெர்மின் வைப்பமா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அங்கிள்? லைன் கட்டோ?"

"நானும் ஒருக்கா அப்பிடித்தான் நிரப்பினனான், பிள்ளை."

"அப்ப சுப்பர்! வந்து அதைச் சொல்லுங்கோ."

அந்தச் சந்திப்புக்கு நான் போகவில்லை. போகாமல் விட்டதும் ஒரு பொய்தான் என்று பிறகு பட்டது. ஆகவே எழுதுகிறேன். சம்பவம் நடந்த நாட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஆபிரிக்காவின் தெற்குப் பாதியில் உள்ள ஒரு நாடு என்பது போதும். அங்கே சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் வாழ்கிறார்கள்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றேன். இனக்கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தேன். அகதி முகாம், உணவகத்தில் கோப்பை கழுவுதல், இரவுப் பள்ளியில் ஜெர்மன் என்று எங்கள் தலைமுறையில் எல்லாரும் கடந்ததை நானும் கடந்தேன். நிறுவனத்தில் எண்களைத் தட்டச்சு செய்ய எடுத்தார்கள். ஒருநாள் கூட்டுத்தொகையில் ஒரு பிழையைக் கண்டு சொன்னேன். அதற்குப் பிறகு தேர்தல் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே தலைவியாக இருந்தவர் ஃபிராவ், அதாவது திருமதி, லிண்ட்னர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயரமான, மெலிந்த பெண். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மதியத்தில் ஒரு அப்பிளை மெல்லிய துண்டுகளாக வெட்டி, கடதாசியில் வரிசையாக அடுக்கி, வேலை செய்தபடியே சாப்பிடுவார். யாராவது ஒரு முடிவைக் கொண்டுவந்தால் எழுந்து வந்து கொண்டுவந்தவரின் கதிரைக்குப் பின்னால் நிற்பார். கதிரையின் முதுகில் ஒரு கை இருக்கும். முகத்தைப் பார்க்கமாட்டார், திரையைத்தான் பார்ப்பார். "இதை யார் கண்டது?" என்று கேட்பார். யார் சொன்னது என்று கேட்கமாட்டார். சொல்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், கண்டவர் யார் என்பதுதான் அவருக்கு வேண்டும். ஒரு முடிவை இரண்டு பேர் கண்டிருக்க வேண்டும். அந்த இருவரும் ஒருவருக்கொருவர் பேசியிராதவர்களாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவருடைய விரல் முடிவை வெளியிடும் பொத்தானுக்குப் போகும்.

ஒரே நாளில் ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் வாக்குப்போடும் நாடுகளில் எங்கள் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் ஜனாதிபதி, வலப்பக்கம் பாராளுமன்றம். உலகம் முழுவதும் இடப்பக்கத்தைத்தான் கேட்கும். யார் வென்றார் என்று ஒரு பெயரைச் சொன்னால் பத்திரிகைகள் அடங்கிவிடும். வலப்பக்கம் மெதுவாக, தொகுதி தொகுதியாக, பல நாட்கள் ஊர்ந்து வரும். அதற்குள் மற்ற நிறுவனங்களின் ஆட்கள் விமானம் ஏறிவிடுவார்கள். ஃபிராவ் லிண்ட்னர் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். "மாளிகைக்குள் யார் போகிறார் என்பதை இடப்பக்கம் சொல்லும். அவரிடம் 'முடியாது' என்று சொல்ல நாட்டில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்பதை வலப்பக்கம்தான் சொல்லும்" என்பார். அந்த வலப்பக்கத்தை என்னிடம் தந்திருந்தார்.

நான் சொல்லும் நாட்டில் எங்களுக்காக முடிவு கேட்டுச் சொன்னவர் இராசரத்தினம் மாஸ்டர். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து எழுபதுகளில் ஆபிரிக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் படிப்பிக்கப் போன வாத்திமார் பலர். பெரும்பாலானவர்கள் பிறகு லண்டனுக்கோ கனடாவுக்கோ போய்விட்டார்கள். மாஸ்டர் போகவில்லை. ஒரு மாகாணச் சிறுநகரத்தில் கணிதம் படிப்பித்து, ஓய்வுபெற்று, அங்கேயே காணி வாங்கி வீடும் கட்டினார். வாயாடி. தன்னிடம் படித்த மந்திரிமாரைப் பற்றி ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு கதை சொல்வார். மந்திரிமாரின் தொகை வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். நாங்கள் ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. ஆனால் அவருடைய மகளின் கலியாணத்துக்கு நானும் மனைவியும் இங்கிருந்து கூறைச்சீலை வாங்கி அனுப்பினோம். அவ்வளவு பழக்கம்.

அவரும் நானும் தமிழில்தான் பேசுவோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நாட்டில் தேர்தல் காலத்தில் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்பார்கள். எங்களுடைய மற்ற நாட்டு ஆட்கள் அதற்காக என்னென்னவோ வழிகளைத் தேடுவார்கள். எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. "நாங்கள் கதைக்கிறதை விளங்கிறதுக்கு அவங்கள் வல்வெட்டித்துறையில இருந்து ஆளை இறக்கவேணும்" என்று மாஸ்டர் சிரிப்பார். அலுவலகத்திலும் இதை எல்லாரும் மெச்சினார்கள். என்னைத் தவிர வேறு எவராலும் மாஸ்டர் சொன்னதைக் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாது என்பதை அப்போது ஒருவரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

முதல் தேர்தலில் அவர் ஒரு பிழை விட்டார். அந்த நாட்டில் பெரிய கட்சிகள் இரண்டு. ஆளும் கட்சிக்கு எருது சின்னம், எதிர்க்கட்சிக்கு விளக்கு. ஒரு தொகுதியின் பாராளுமன்ற முடிவை வாசித்தபோது விளக்கின் வாக்கை எருதுக்கும் எருதின் வாக்கை விளக்குக்கும் மாற்றிச் சொல்லிவிட்டார். கூட்டுத்தொகை சரியாக இருந்தது. கூட்டுத்தொகை எண் பிழைத்தால்தான் காட்டிக்கொடுக்கும், இடம் மாறினால் காட்டாது. ஆனால் பக்கத்துத் தொகுதிகளோடும் ஜனாதிபதி வாக்கோடும் ஒப்பிட்டபோது எனக்கு உறுத்தியது. திருப்பி எடுத்துக் கேட்டேன்.

"ஐயோ, ஓம் ஐசே! கண்ணாடி போடாமல் வாசிச்சுப்போட்டன். இந்தக் கிழவனை நம்பி நாடு நடத்தாதையும்" என்றார்.

ஃபிராவ் லிண்ட்னர் அன்று என் மேசைக்கு வந்து அப்பிள் துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்களைப் பார்த்தே, ஆளைக் கேளாமலே, உண்மை எது என்று சொல்லக்கூடியவன் நான் என்று அன்றிலிருந்து நம்பத் தொடங்கினேன்.

அடுத்த தேர்தல் வந்தபோது நிலைமை வேறு. ஜனாதிபதி இன்னும் ஒருமுறைக்கு மேல் பதவியில் இருக்க அரசியலமைப்பு இடம் கொடுக்கவில்லை. இந்த ஒருமுறைதான், அதற்குப் பிறகு போகவேண்டும். அதை மாற்ற அவருடைய கட்சிக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். ஆகவே வலப்பக்கத்துக்கு முதல்தரம் மவுசு வந்தது. ஜனாதிபதி வென்றுவிட்டார் என்பது வாக்குப்போட்ட மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. மூன்றில் இரண்டு கிடைக்குமா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். மதியம் ஆகும்போது ஆளும் கட்சிக்கு அதற்கு ஒரு ஆசனம் குறைவாக இருந்தது. வராமலிருந்த முடிவுகளில் மற்றவை எல்லாம் விளக்கின் கோட்டைகள். எந்தப் பக்கமும் போகக்கூடியது மாஸ்டரின் ஊர் ஒன்றுதான்.

அங்கே எருதுக் கட்சியின் பழைய உறுப்பினருக்கு எதிராக, விளக்குச் சின்னத்தில் நின்றவர் கிரேஸ் என்ற மருத்துவத் தாதி. மாஸ்டரின் பழைய மாணவி. "என்ர பிள்ளை" என்றுதான் சொல்வார். தன் வீட்டு விறாந்தையில் அவளுக்குத் திரிகோண கணிதம் சொல்லிக்கொடுத்த கதையை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அரசாங்கம் இணையத்தை வெட்டிவிட்டது. படம் அனுப்ப வழியில்லை. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. வாக்கு எண்ணியது மாஸ்டர் முன்பு படிப்பித்த அதே பள்ளிக்கூட மண்டபத்தில். எண்ணி முடிந்ததும் முடிவை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவார்கள். பிறகு தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலர் வெளியே வந்து ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் அது சட்டம். தாள் ஒட்டியாகிவிட்டது, ஆனால் அலுவலர் வெளியே வராமல் உள்ளேயே இருந்தார். மாஸ்டர் பள்ளிக்கூட விறாந்தையில் நின்று, சனத்துக்கு நடுவில், கத்திப் பேசினார்.

"குலேந்திரன், எழுதும். முதல் ஜனாதிபதி."

எருதுக்குப் பெரிய எண், விளக்குக்குச் சின்ன எண். எழுதினேன்.

"இப்ப பாராளுமன்றம். விளக்கு..." என்று பெரிய எண்ணைச் சொன்னார். "எருது..." என்று சின்ன எண்ணைச் சொன்னார்.

"மாஸ்டர், திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பியும் அதையே சொன்னார்.

"மாஸ்டர், கண்ணாடி போட்டிருக்கிறியளோ?"

"உதென்ன பகிடி? போட்டுத்தான் நிக்கிறன்."

"இல்லை, அதெப்பிடி? ஒரே சனம், ஒரே பெட்டியடி. ஒரு தாளில எருதுக்குக் குத்திப்போட்டு அடுத்த தாளில எருதுக்கு எதிராக் குத்துமோ?"

"குத்தும் ஐசே! ஜனாதிபதி, பெரியவர், இவைக்கு உரம் குடுத்தவர், றோட்டுப் போட்டவர். அதுக்கு ஒண்டு. ஆனா பிள்ளைப்பேறு பாத்தது ஆர்? கிரேஸ். அதுக்கு ஒண்டு. இந்தச் சனம் கடனை ஒருதருக்கும் வைக்காது. உமக்கு அங்க குளிருக்குள்ள இருந்தா விளங்காது. எழுதும், அலுவலர் உள்ளுக்கை ஒளிச்சிருக்கிறார், நான் போய்..."

தொடர்பு அறுந்தது. திருப்பி எடுத்தேன். போகவில்லை.

இனி நான் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

தலைநகரத்தில் எருதுக் கட்சியின் அலுவலகத்துக்கு எடுத்தேன். அந்தத் தொகுதி என்ன என்று கேட்டேன். யாரோ ஒரு இளைஞன், "அது எங்களுடையது, சந்தேகமே இல்லை" என்றான். எண்கள் கேட்டேன். அவனிடம் எண்கள் இல்லை. நான் திரையைப் பார்த்தேன். இடப்பக்கம் எருது பெரிது. சுற்றிவர உள்ள தொகுதிகளில் இரண்டு பக்கமும் எருது பெரிது. மாஸ்டர் போனமுறை தலைகீழாகச் சொன்னவர். இந்தமுறை நிற்பதோ அவருடைய பிள்ளை. ஆசைக்கண்ணால் வாசித்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் சொன்ன இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினேன். கூட்டுத்தொகை சரியாக வந்தது.

ஃபிராவ் லிண்ட்னர் பின்னால் வந்து நின்றார். கதிரை முதுகில் கை விழுந்ததை உணர்ந்தேன்.

"இதை யார் கண்டது?"

"மண்டபத்தில் நிற்கும் எங்கள் ஆள்."

"இரண்டாவது?"

"எருதுக் கட்சியின் கண்காணிப்பாளர். மண்டபத்துக்குள் இருக்கிறார்."

அப்படி ஒருவருடன் நான் பேசவேயில்லை. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாய்களில் மாஸ்டருடையதைத் திருப்பி வைத்து, தலைநகரத்து இளைஞனைக் கண்டவனாக்கி, இரண்டும் ஒத்துப்போகிறது என்று சொன்னேன். ஏன் அவ்வளவு தைரியம் என்று கேட்டால், உண்மையில் நான் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன், விதிதான் குறுக்கே நிற்கிறது என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. ஃபிராவ் லிண்ட்னர் ஓய்வுபெறப் போகிறார், அந்த இடத்துக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. மூன்றில் இரண்டு என்ற செய்தியை எங்கள் மேசை முதலில் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் பொத்தானை அழுத்தினார். அரசியலமைப்பை மாற்றும் பலம் ஆளும் கட்சிக்குக் கிடைத்துவிட்டது என்று செய்தி போனது. அறையில் யாரோ கை தட்டினார்கள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மாஸ்டரின் அழைப்பு வந்தது. பின்னால் பெரும் கூச்சல்.

"என்னடா செய்தனீ?"

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

"மாஸ்டர்..."

"அரசாங்க றேடியோவில வாசிக்கிறாங்கள், ஜெர்மனியில உங்கட கொம்பனி சொல்லுதாம், இஞ்ச எருது வெண்டதாம். என்ர எண்ணைத் தலைகீழா வாசிக்கிறாங்கள்! கதவில இருந்த தாளைக் கிழிச்சுப்போட்டாங்கள். அலுவலர் இன்னும் வெளியில வரேல்லை. நடுங்கிக்கொண்டு நிக்கிறார், எதை வாசிக்கிறதெண்டு தெரியாமல். இப்ப, இந்த நிமிசம் நீர் மாத்தினா அவர் சரியானதை வாசிப்பார். கேக்குதோ?"

"மாஸ்டர், ஏதாவது ஆதாரம்... தாளைப் படம் எடுத்தனீங்களோ?"

"எடுத்தா எப்பிடி ஐயா அனுப்புறது? புறாவிலயோ? நான் கண்டனான் எண்டு சொல்லுறன். அது போதாதோ?"

"பாக்கிறன் மாஸ்டர். கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"கதைக்க நேரமில்லைத் தம்பி. இஞ்ச எல்லாரும் என்னைப் பாக்கினம். விறாந்தையில நிண்டு போனில கத்தினது நான் ஒருதன்தானே. நான் என்ன சொன்னனான் எண்டு இவைக்கு எப்பிடித் தெரியும்? தமிழில எல்லே சொன்னனான்!"

அவர் என்ன சொன்னார் என்பதற்கு உலகத்திலேயே ஒரு சாட்சி நான்தான்.

எழுந்தேன். ஃபிராவ் லிண்ட்னரின் மேசை பத்தடி தூரம். போகும்போது உண்மையைச் சொல்லும் எண்ணம்தான் இருந்தது. ஜெர்மனில் வாக்கியத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டு போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தத் தொகுதியில் ஒரு பிரச்சினை. எங்கள் ஆள் இப்போது வேறு மாதிரிச் சொல்கிறார்."

அவர் அப்பிள் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தார். முதல்தடவையாகத் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"மாறியது அவரா, குலேந்திரன்?"

வழக்கமாக யார் கண்டது என்று கேட்பவர், இதை இப்படிக் கேட்டார். அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். எனக்கு ஒரு வாசல் திறந்து தந்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். இல்லை, மாற்றியது நான், என்று சொன்னால் போதும். வேலை போயிருக்கும், அல்லது போகாமலும் இருந்திருக்கலாம்.

"ஓம், அவர்தான்" என்றேன்.

எங்கள் வழமைப்படி, முடிவை மாற்றிச் சொன்ன ஆளின் சொல்லை அதற்குப் பிறகு எடுப்பதில்லை. அவர் கண்டதும் எண்ணப்படாது. 'கண்காணிப்பாளர்' மட்டும் மிஞ்சினார். அவரைத் திருப்பி அழைத்து உறுதிப்படுத்தச் சொன்னார் ஃபிராவ் லிண்ட்னர். நான் என் மேசைக்கு வந்து, தொலைபேசியை எடுத்து, ஒருவரும் இல்லாத இணைப்பில் பேசுவதுபோல் நடித்தேன். "தொடர்பு கிடைக்கவில்லை" என்றேன். முடிவு சர்ச்சைக்குள்ளாகியிருக்கிறது என்று ஒரு வரி போனது. அந்த ஒரு வரி போய்ச் சேரமுன் அலுவலர் வெளியே வந்து, வானொலி சொன்னதை வாசித்துவிட்டார். விளக்குக் கட்சி நீதிமன்றம் போனது. கிழிந்த தாளுக்குப் பதிலாகக் காட்ட அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அரசியலமைப்பு மாறியது. ஜனாதிபதி இருந்தார்.

கிரேஸின் ஆட்கள் அன்றே மாஸ்டரின் வீட்டுக்கு வந்தார்கள். கல்லெறியவில்லை. படலையடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம். வெளிநாட்டுக்காரரின் ஆள் இந்த ஊரில் இவர் ஒருவர்தான், இவர் சொல்லாமல் ஜெர்மனிக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவர்களின் நியாயம். அதற்கு என்ன பதில் சொல்வது? கிரேஸும் நம்பினாள். கடைக்காரர் பேச்சை விட்டார். ஊரவர்கள் கோயிலாக வைத்துக் கூடும் வீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் விலகிப்போனார்கள். பழைய மாணவர்கள் தெருவின் மறுபக்கத்தால் போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் வெளியே இறங்குவதை விட்டுவிட்டார். இதையெல்லாம் நான் லண்டனில் இருக்கும் மாஸ்டரின் உறவினர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். மாஸ்டருக்கு எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஃபிராவ் லிண்ட்னரின் இடம் எனக்குக் கிடைத்தது. அதில் இருந்துதான் ஓய்வுபெற்றேன். அவர் இறந்தபோது சவ அடக்கத்துக்குப் போனேன். அப்போதும் சொல்லவில்லை, சொல்லவும் ஆள் இல்லை.

துஷா பேசிய அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். சறோ சமைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை நிறுத்தினாள்.

"அந்த மனிசன்ர மகளுக்கு நாங்கள் கூறை அனுப்பினனாங்கள்" என்றாள்.

"ஓம்."

"இவ்வளவு வருசமும் என்னோட இருந்து சாப்பிட்டனீங்கள்."

மறுநாள் காலை மாஸ்டரின் இலக்கத்தைத் தேடி எடுத்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மாஸ்டரே எடுத்தார். குரல் மெலிந்திருந்தது. நான் பெயரைச் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும், இங்கே எழுதிய ஒழுங்கிலேயே, சொன்னேன். முடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கேன் ஐசே சொல்லுறீர்?" என்றார். "நான் என்ன சொன்னனான் எண்டு எனக்குத் தெரியும்தானே. தெரியாதவைக்குச் சொல்லும்."

"ஆருக்கு மாஸ்டர்?"

"இந்த ஊருக்கு. வானொலியில போனது, வானொலியிலதான் திரும்பி வரவேணும். இஞ்ச இப்ப சின்ன நிலையம் ஒண்டு இருக்கு. கிரேஸ் அதில காலமை சுகாதாரம் பற்றிக் கதைக்கிறவ. அவவைக் கேளும். நான் கேக்கமாட்டன்."

கிரேஸுக்கு எடுத்தேன். ஆங்கிலத்தில் பேசினோம். நான் யார் என்று சொன்னேன். தன் நிகழ்ச்சியில் நேரடியாகப் பேச முடியுமா என்று மட்டும் கேட்டார். முன்கூட்டி என்னிடம் ஒன்றையும் விசாரிக்கமாட்டேன், எல்லாவற்றையும் சனத்துக்கு முன்னால்தான் கேட்பேன் என்றார்.

அந்தக் காலையில் சமையலறை மேசையில் தொலைபேசியுடன் இருந்தேன். சறோ எதிரில் இருந்தாள். கிரேஸ் என்னை ஊருக்கு அறிமுகம் செய்தார், மரியாதையாக, அன்பில்லாமல். நான் நடந்ததைச் சொன்னேன். கண்காணிப்பாளர் என்று ஒருவர் இருந்ததேயில்லை என்றேன். மாறியது மாஸ்டர் அல்ல, மாற்றியது நான் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கிரேஸ் சொன்னார்:

"ஐயா, நீங்கள் இப்போது அவருடைய நண்பர் என்பதற்காகப் பேசலாம். நாங்கள் எப்படி நம்புவது? அன்றைக்கு அவர் விறாந்தையில் நின்று உங்கள் மொழியில் சத்தமாகச் சொன்னார். என் தாய் பக்கத்தில் நின்றார். இன்னும் பலர் நின்றார்கள். அந்தச் சத்தம் எங்களுக்கு மறக்கவில்லை, பொருள்தான் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே, உங்கள் மொழியில் முதல் சொல்லுங்கள். பிறகு எங்களுக்கு விளங்கச் சொல்லுங்கள்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எண்கள் ஒன்றும் மறக்கவில்லை. "குலேந்திரன், எழுதும்" என்று தொடங்கி, ஜனாதிபதிக்கு எருது, விளக்கு, பாராளுமன்றத்துக்கு விளக்கு, எருது என்று, அவர் நிறுத்திய இடங்களில் நிறுத்தி, திருப்பிச் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, உரம், றோட்டு, பிள்ளைப்பேறு எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னேன். "பிள்ளைப்பேறு பார்த்தது யார்? கிரேஸ். அதற்கு ஒன்று" என்ற இடத்தில், நிலையத்துக்குள் ஒரு வயதான பெண்ணின் குரல், கிரேஸின் தாயாக இருக்கவேண்டும், அவர்கள் மொழியில் ஏதோ சொன்னது. கிரேஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்கள்.

அன்று முழுவதும் மாஸ்டருக்கு எடுக்கவில்லை. எடுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். மறுநாள் சறோதான் இலக்கத்தை அழுத்தி என் கையில் தந்தாள். மாஸ்டரின் மனைவி எடுத்தார்.

"அவர் இல்லைத் தம்பி" என்றார்.

"என்னக்கா, ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை, இல்லை. காலமை எழும்பி, சவரம் செய்து, சேட்டு மாத்திக்கொண்டு போனவர்."

"ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போனவையோ?"

"ஒருதரும் வரேல்லை. தானாத்தான் படலையைத் திறந்தவர். நான் துணைக்கு வாறன் எண்டன், வேண்டாம் எண்டிட்டார். ஊருக்குள்ள சனம் என்ன முகத்தோட நிக்குதோ தெரியாது. நானும் வாசலையேதான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"எப்ப வருவாரக்கா?"

"தெரியாது, தம்பி. இன்னும் வரேல்லை."